வீணை இல்லை, சந்தூர்

அம்மா அதை முதன்முதலில் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, துணி அயன் பண்ணும் பலகை என்று அப்பா நினைத்தார். அவரிலும் பிழை சொல்ல முடியாது. தையல்கடையில் வேலை செய்யும் ஒருவர், ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் ஒடுங்கிய தட்டையான சாமான் ஒன்றைக் கறுப்பு உறைக்குள் போட்டுக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தால் வேறு எதை நினைப்பது? "வீட்டில ஒண்டு கிடக்குத்தானே" என்று சொல்லிவிட்டு அவர் தொலைக்காட்சிக்குத் திரும்பினார். அம்மா சாப்பாட்டு மேசையைத் துடைத்தார். துடைத்த மேசையை இன்னொரு முறையும் துடைத்தார். பிறகு உறையின் சிப்பை இழுத்தார்.

உள்ளே கம்பிகள் இருந்தன. ஒரு வாத்தியத்தில் அவ்வளவு கம்பிகளை நான் அதற்கு முன்னர் கண்டதில்லை. வால்நட் மரத்தில் செய்த பெட்டி. அதன் மேல் சதுரங்கக் காய்கள் போன்ற சின்னச் சின்ன மரத்துண்டுகள் இரண்டு வரிசையாக நின்றன. ஒவ்வொரு காயின் தலை மீதும் நாலு கம்பிகள் ஏறி இறங்கின. வலது வரிசையில் போனவை மஞ்சள் கம்பிகள், இடது வரிசையில் போனவை வெள்ளை. அம்மா கைப்பைக்குள்ளிருந்து இரண்டு மெல்லிய கோல்களை எடுத்தார். அவற்றின் நுனியில் சாம்பல் நிறக் கம்பளித்துணி ஒட்டியிருந்தது. ஒரு கோலால் ஒரு வெள்ளைக் கம்பியை மெதுவாகத் தட்டினார். அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

"இதுக்குப் பேர் சந்தூர்" என்றார் அம்மா, வீட்டுக்கு வந்த விருந்தாளியை அறிமுகம் செய்வதுபோல.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீடு கனடாவின் றிச்மண்ட் ஹில்லில், யங் வீதிக்குப் பின்னால் இருந்தது. அந்த வீதியின் கடைப் பலகைகளில் பாதி பாரசீக எழுத்தில் இருக்கும். அம்மா வேலை செய்த தையல்கடைக்கு ஒரு பக்கம் நீள நீளமாகப் பாண் சுடும் கடை. மறுபக்கம் பிஸ்தாவும் உலர்ந்த பழங்களும் விற்கும் கடை. அம்மாவுக்கு எதிரே இருந்த மெஷினில் தைத்தவரை நான் ஈரான் அன்ரி என்று கூப்பிடுவேன். ஷிராஸ் நகரத்துக்காரர். அம்மாவைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவர். கலியாண உடுப்புகள் அவருடைய மெஷினுக்குப் போகும். காற்சட்டைகளும் குளிர்கோட்டுகளும் அம்மாவின் பங்கு. இருவரும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வார்கள். இருவருடைய ஆங்கிலத்திலும் வேறு வேறு இடங்களில் ஓட்டை இருந்தபடியால், ஒருவருடைய ஓட்டையை மற்றவர் அடைத்துக்கொண்டு எந்தக் குறையும் இல்லாமல் கதைத்தார்கள்.

சந்தூர் எங்கள் வீட்டுக்கு வந்ததற்குக் காரணம் ஒரு குளிர்கோட்டு. யாரோ ஒருவர் கோட்டின் அடியை வெட்டிக் கட்டையாக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார். வெட்டி எடுத்த துண்டைப் பார்த்த ஈரான் அன்ரி, அதில் கொஞ்சம் தனக்குத் தரமுடியுமா என்று கேட்டார். தன்னுடைய வாத்தியக் கோல்களின் கம்பளி தேய்ந்துவிட்டதாம். முந்திய காலத்தில் வெறும் மரக்கோலாலேயே தட்டினார்களாம். கம்பளி ஒட்டுவது பிறகு வந்த பழக்கமாம். எவ்வளவு தடிப்பாக வெட்டுவது என்று அம்மா கேட்டார். அதைச் சொல்லத் தெரியாது, தட்டிக் கேட்டுப் பார்க்கத்தான் வேண்டும் என்று அன்ரி அடுத்த நாள் சந்தூரைக் கடைக்கே கொண்டுவந்துவிட்டார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அம்மா மெல்லிசாகவும் மொத்தமாகவும் பல துண்டுகளை வெட்டி ஒட்டி, எது சரி என்று தானே தட்டிப் பார்த்தார். தட்டியவர் அன்று சாப்பிடவில்லை. அன்ரியிடம் இரண்டு சந்தூர்கள் இருந்தன. ஒன்று அவருடையது. மற்றது ஷிராஸிலேயே தங்கிவிட்ட தம்பியுடையது. தம்பியின் சந்தூர்தான் எங்கள் சாப்பாட்டு மேசைக்கு வந்தது.

அன்றிலிருந்து அம்மா காலையில் வேலைக்குப் போகுமுன்னர் வாசித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அன்ரி வருவார். இருவரும் தேத்தண்ணியும் பேரீச்சம்பழமுமாக மேசையில் உட்காருவார்கள். அன்ரி சொல்லித்தருகிறார் என்றுகூடச் சொல்ல முடியாது. அவர் வாசிப்பார், அம்மா தடுமாறுவார், இருவரும் சிரிப்பார்கள், பிறகு மாமியார்களைப் பற்றிக் கதைப்பார்கள். அம்மா பழகிய மெட்டு வகைக்கு 'ஷூர்' என்று பெயர். ஆங்கிலத்தில் 'நிச்சயம்' என்று சொல்கிறார்கள் என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன்.

எனக்கு அந்தச் சந்தூரில் ஒரு முறைப்பாடு இருந்தது. நான் சனிக்கிழமைகளில் வயலின் படித்தவள். ஸரிகம எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அம்மாவின் சந்தூரில் 'ரி' அதன் இடத்தில் இல்லை. கீழே இருக்கும் ரியும் இல்லை, மேலே இருக்கும் ரியும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லியும் விட்டேன்.

"அம்மா, உந்த ரி பிழை."

அம்மா அன்ரியிடம் கேட்டார். அன்ரி என்னைப் பார்த்துச் சந்தோஷமாகச் சிரித்தார். உனக்கு நல்ல காது என்றார். ஆனால் அது பிழையில்லை, அதனுடைய வீடே அங்கேதான், எங்கள் சங்கீதத்தில் அப்படி நடுவில் குடியிருப்பவை பல உண்டு என்றார். அதற்குப் பிறகு அம்மா கம்பிகளை முறுக்கிச் சுருதி சேர்க்கும் திறப்பைக் கையில் எடுக்கும் போதெல்லாம் அந்த ரிக்குத்தான் ஆகக் கூடுதலான நேரம் செலவழித்தார். நான் என் அறைக்குள் போய் வயலினில் அந்த இடத்தைத் தேடினேன். இரண்டு ரிகளுக்கும் நடுவில் விரலை வைத்தபோது, பாண்டி விளையாட்டில் வேண்டுமென்றே கோட்டில் கால் வைத்ததுபோல உடம்பு கூசியது. கூசினாலும் மறுபடியும் வைத்துப் பார்த்தேன்.

சந்தூரை முதலில் ஆராய்ச்சி செய்தவர் சித்தப்பா. உலகத்தில் இருக்கும் நல்ல சாமான்கள் எல்லாம் எங்களிடமிருந்து போனவை என்பது அவருடைய கொள்கை. சந்தூரைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டுத் தீர்ப்பைச் சொன்னார்.

"அண்ணி, இது எங்கட சாமான். சததந்தி வீணை. நூறு நரம்பு. எங்கட பக்கமிருந்து காஷ்மீருக்குப் போய், அங்கையிருந்துதான் பாரசீகத்துக்குப் போனது."

"இதில எழுபத்திரண்டு கம்பிதான் இருக்கு" என்றார் அம்மா.

"மிச்சம் வழியில அறுந்திருக்கும்" என்றார் சித்தப்பா.

நான் இதை அன்ரியிடம் மொழிபெயர்த்துச் சொன்னபோது அவரும் விட்டுக்கொடுக்கவில்லை. அவர்களிடமிருந்துதான் அது இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனதாம். பியானோவைத் திறந்து பார், உள்ளே சின்னச் சுத்தியல்கள் கம்பியைத் தட்டுகின்றன, அதுவும் எங்கள் பேரப்பிள்ளைதான் என்றார். சித்தப்பா, "அவையள் அப்பிடித்தான் சொல்லுவினம்" என்று பெருந்தன்மையோடு விட்டுவிட்டார்.

இதையெல்லாம் மாமி அறியாமல் ஒன்றரை வருடம் ஓடியது. மாமி என்றால் அப்பாவின் அக்கா. ரூஜ் பக்கத்தில் பெரிய வீடு. அதன் நிலக்கீழ் அறையில் சனிக்கிழமைகளில் வாய்ப்பாட்டும் வயலினும் படிப்பித்தார். யாழ்ப்பாணத்தில் அவருடைய பாட்டு வானொலியில் போனது என்பார்கள். அப்பாவைக் கனடாவுக்குக் கூப்பிட்டதும், முதல் வேலை எடுத்துக் கொடுத்ததும், முதல் குளிர்கோட்டு வாங்கிக் கொடுத்ததும் மாமிதான். அதனால் அப்பாவின் வாயில் மாமியிடம் 'இல்லை' என்ற சொல் வந்ததை நான் கேட்டதே இல்லை. அம்மா மட்டக்களப்பு. அப்பா கொழும்பில் வேலை செய்தபோது கண்டு, விரும்பிக் கலியாணம் செய்தவர். அந்தக் கலியாணத்துக்கு மாமியின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை என்பதை மாமி யாருக்கும் மறக்கவிடவில்லை.

ஒவ்வொரு ஒக்ரோபரிலும் மாமி சரஸ்வதி பூசை விழா நடத்துவார். ஸ்காபரோவில் ஒரு பாடசாலை மண்டபத்தை எடுத்து, தன் மாணவர்களை வரிசையாக ஏற்றுவார். அந்த வருடம் நானும் முதல்முறையாக வயலின் குழுவில் ஏற இருந்தேன். விழாவுக்குச் சில வாரங்கள் முன்னர், வகுப்பு முடிந்து நான் மேலே வந்தபோது அம்மாவும் மாமியும் குசினியில் நின்றார்கள். அம்மா என்னை ஏற்றிப்போக வந்தவர், கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"மச்சாள், பூசைக்கு நானும் ஒரு சின்னத் துண்டு வாசிக்கலாமோ எண்டு கேக்க நினைச்சனான்."

மாமி கேத்தலைக் கீழே வைத்தார். "நீரோ? என்னத்தில?"

"சந்தூரில."

"அது ஆற்ற வாத்தியம்?"

"ஈரான்காரரின்ர."

"அப்ப முஸ்லிம் ஆக்களின்ர. அதைக் கொண்டுபோய்ச் சரஸ்வதிக்கு முன்னால வைச்சால் சனம் என்னைத்தான் கேக்கும்."

"வயலின் வெள்ளைக்காரன்ர தானே, மச்சாள். ஆமோனியமும் வெள்ளைக்காரன்ர. அதுகளை வைக்கிறம்."

மாமி குரலை இறக்கிக்கொண்டு, "வீணை எண்டால் நானே பழக்கியிருப்பன். என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே" என்றார்.

"கேட்டனான்" என்றார் அம்மா. "இஞ்ச வந்த வருஷம் கேட்டனான். ஸபஸ பாடச் சொன்னீங்கள். பாடினன். உமக்குச் சுருதி நிக்காது, பிள்ளை பிறந்தால் பிள்ளையைப் படிப்பியும் எண்டு சொன்னீங்கள்."

"நான் அப்பிடிச் சொன்னதா எனக்கு ஞாபகம் இல்லை."

"எனக்கு இருக்கு."

அம்மா மாமியிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பெரிய சத்தமில்லை. நூலை வெட்டும்போது கத்தரிக்கோல் போடும் சத்தம் அளவுதான். மாமி வாசிக்கலாம் என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை.

சமாதானம் பேச வந்தவர் சித்தப்பா. விழாவின் அறிவிப்பாளர் அவர்தான். இரண்டு வீட்டுக்கும் மாறி மாறித் தொலைபேசியில் கதைத்து ஒரு வழி கண்டுபிடித்தார். மேடையில் சந்தூர் என்ற சொல்லைச் சொல்வதில்லை. 'சததந்தி வீணை' என்று அறிவிப்பார். ஈரானும் வேண்டாம், பாரசீகமும் வேண்டாம். மாமி அதற்குச் சம்மதித்துவிட்டாராம்.

"ஒரு சொல்லுத்தான் அண்ணி" என்றார் சித்தப்பா. "வாசிக்கிறது நீங்கள்தானே."

அம்மா தைத்துக்கொண்டிருந்த என் பட்டுப்பாவாடையின் கரையைப் பல்லால் நூல் கடித்து முடித்தார். ஒன்றும் சொல்லவில்லை. சரி என்கிறார் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நானும்தான்.

விழா அன்று நல்ல குளிர். காருக்குள் குளிர்ந்து கிடந்த சந்தூரை மண்டபத்துச் சூட்டுக்குள் கொண்டுவந்ததும் எழுபத்திரண்டு கம்பிகளும் தங்கள் தங்கள் பாட்டுக்கு இளகிவிட்டன. ஈரான் அன்ரி எங்களுக்கு முன்னரே வந்து நின்றார். பச்சைப் பட்டில் நீளச் சட்டையும் காதில் பெரிய தோடுமாக, கையில் பூங்கொத்தும் வைத்திருந்தார். பூங்கொத்தை என் கையில் தந்துவிட்டு, அம்மாவோடு நடைக்கூடத்தில் கோட்டுகள் தொங்கும் இடத்தில் நிலத்தில் இருந்து, இரண்டு பேருமாகச் சுருதி சேர்க்கத் தொடங்கினார். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். வடையும் கையுமாக நின்ற ஒரு பெரியவர், "உது துலுக்கற்ற சாமான் எண்டு கதைக்கினம். சமயத்துக்கு ஆகுமோ?" என்று பொதுவாகக் கேட்டார்.

அவர் என்ன சொல்கிறார் என்று அன்ரி என்னிடம் கேட்டார். நான் உள்ளதை உள்ளபடி மொழிபெயர்த்தேன். பதினொரு வயதில் மொழிபெயர்ப்பாளர்கள் கருணை காட்டுவதில்லை. அன்ரி திறப்பைத் திருகுவதை நிறுத்தாமல், தன் நாட்டிலும் ஆட்கள் வீட்டுக்கு வந்து இது சமயத்துக்கு ஆகாது என்றுதான் சொன்னார்கள், அங்கே ஆகாத அதே சாமான்தான் இது, இங்கேயும் ஆகாது என்றால் இனி எங்கே கொண்டுபோவது என்று அவரிடம் கேள் என்றார். சிரித்தபடிதான் சொன்னார். நான் அதையும் மொழிபெயர்த்தேன். பெரியவர் வடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார்.

முதலில் தேவாரம். பிறகு சின்னப் பிள்ளைகளின் கீதங்கள். எங்கள் வயலின் குழு அம்மாவுக்கு அடுத்ததாக இருந்தது. அதனால் நான் வயலினோடு மேடைப் படிக்கட்டில் நின்றேன். அம்மா சந்தூரைக் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் நின்றார். சித்தப்பா ஒலிவாங்கியைப் பிடித்துக் குரலைப் பெருப்பித்தார்.

"அடுத்ததாக, வேத காலத்திலேயே எமது முன்னோர் இசைத்த, நூறு தந்திகள் கொண்ட, தொன்மை வாய்ந்த..."

அம்மா நடந்து போய் அவருக்குப் பக்கத்தில் நின்றார். இரண்டு கையிலும் சந்தூர் இருந்தபடியால் ஒலிவாங்கியை வாங்கவில்லை. கழுத்தை நீட்டி அதற்குள் பேசினார்.

"இது வீணை இல்ல. இது சந்தூர். ஈரான்காரர்ட வாத்தியம். எனக்குப் பழக்கின ஆள் அந்தா, மூணாம் வரிசையில இருக்கிறா."

மண்டபம் திரும்பி மூன்றாம் வரிசையைப் பார்த்தது. தமிழ் தெரியாத அன்ரி, எல்லோரும் பார்க்கிறார்களே என்று எழுந்து கைகூப்பினார். சித்தப்பா அறிவிப்பை எங்கே விட்டார் என்று தேடிக்கொண்டிருக்கும்போதே மாமி மேடைக்கு வந்துவிட்டார். ஒலிவாங்கியைக் கையால் பொத்தினார். ஆனாலும் படிக்கட்டில் நின்ற எனக்கு எல்லாம் கேட்டது.

"கதைச்சதொண்டு, செய்யிறது ஒண்டோ? இறங்கும்."

"நான் ஒண்டும் கதைக்கல்ல. அவர்தான் கதைச்சவர்."

"வீணை எண்டால் வாசியும். இல்லாட்டி இறங்கும். நீர் இதை இஞ்சை வாசிச்சால் உம்மட மகள் என்ர பிள்ளையளோட ஏறத் தேவையில்லை."

அம்மா என்னைப் பார்த்தார். மாமியும் பார்த்தார். முன்வரிசைகளும் பார்த்திருக்க வேண்டும். நான் படிக்கட்டில் குந்தியிருந்து வயலினைப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். அம்மா அதை இன்றுவரை என்னுடைய வீரம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். வீரமும் கொஞ்சம் இருந்தது. மாமி 'உம்மட மகள்' என்று சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நாங்கள் வாசிக்க இருந்த வர்ணத்தின் பின்பாதி அன்று எனக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது என்பதும் உண்மை.

"நான் வாசிக்கப்போறன், மதினி" என்றார் அம்மா.

மதினி என்ற சொல்லை நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அதுவரை அம்மா அப்பாவின் ஊர் வழக்கப்படி மாமியை மச்சாள் என்றே கூப்பிட்டிருந்தார். மட்டக்களப்பில் கணவனின் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. மாமிக்குத் தெரிந்திருந்தது. அவர் முகம் ஒருவிதமாக மாறியது.

"சரி" என்றார் மாமி. "வாசியும். ஆனால் உமக்கு மேசை இல்லை."

அம்மா சந்தூரை மேசையில் வைத்து வாசித்துத்தான் பழகியிருந்தார். மேசை தருவதாகச் சொல்லியிருந்தவர் மாமி. அம்மா அந்தப் பாரத்தைக் கையில் ஏந்தியபடி மேடையின் நடுவில் நின்றார். சபையில் குசுகுசுப்புத் தொடங்கியது. இறங்கிப் போய்விடுவார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் இறங்கவில்லை. 

அப்போது மண்டபத்தின் பின்பக்கத்தில் தகரம் உருளும் சத்தம் கேட்டது. அப்பா, தேத்தண்ணி ஊற்றும் மேசையில் இருந்த சாமான்களை ஒவ்வொன்றாக நிலத்தில் இறக்கி வைத்துக்கொண்டிருந்தார். பெரிய தேத்தண்ணிப் போச்சி, சீனிப் பேணி, கடதாசிக் கோப்பைகள். அவசரமே இல்லை. எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, மேசையின் கால்களை மடக்கி, அதைத் தோளில் வைத்துக்கொண்டு நடுவழியால் நடந்துவந்தார். மேடையில் ஏறி, கால்களை விரித்து, ஆடுகிறதா என்று ஒருமுறை அமத்திப் பார்த்தார். அம்மாவின் கையிலிருந்து சந்தூரை வாங்கி அதன்மேல் வைத்தார்.

"தம்பி" என்றார் மாமி.

"தேத்தண்ணி நிலத்திலயும் சூடாத்தான் இருக்கும், அக்கா" என்றார் அப்பா. பிறகு இறங்கிப் போய்த் தன் கதிரையில் இருந்துகொண்டார்.

அம்மா வாசித்தார். அற்புதமாக வாசித்தார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஒவ்வொரு நாள் காலையும் அந்தத் துண்டைக் கேட்டவள் நான். எங்கெங்கே தவறவிட்டார் என்று எனக்குத் தெரியும். தொடக்கத்தில் இடது கோல் பக்கத்துக் கம்பியையும் சேர்த்துத் தட்டியது. ஓர் இடத்தில் வழி மறந்து, வந்த வழியே திரும்பிப் போய் மறுபடியும் வந்தார். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கோல்கள் வேகம் பிடித்தன. மஞ்சள் கம்பிகளும் வெள்ளைக் கம்பிகளும் ஒன்றை ஒன்று கூப்பிட்டன. தட்டிய ஒலி அடங்குமுன்னர் அடுத்தது வந்து அதன் மேல் விழுந்து, மண்டபம் முழுவதும் மழைபெய்கிற தகரக் கூரைபோல ஆனது. முன்வரிசையில் அழுதுகொண்டிருந்த கைக்குழந்தை ஒன்று வாயை மூடிவிட்டது.

அப்போதுதான் அந்த ரி வந்தது. திரைக்குப் பக்கத்தில் கைகட்டி நின்ற மாமி கண்ணை மூடிக்கொண்டு, சபைக்குக் கேட்கும்படியாகவே சொன்னார்.

"ரி பிழை."

அம்மா அடுத்த சுரத்துக்குப் போயிருக்க வேண்டும். துண்டின் வழி அதுதான். போகவில்லை. அந்தக் கம்பியிலேயே நின்றார். வலக்கோலும் இடக்கோலும் மாறி மாறி அந்த ஒரே ரியைத் தட்டின. முதலில் மெதுவாக, பிறகு தனித்தனி அடி தெரியாத அளவுக்கு வேகமாக. இரண்டு ரிகளுக்கும் நடுவில் குடியிருந்த அந்த ஒலி நீண்டு, பெருத்து, மண்டபத்தின் ஒவ்வொரு கதிரைக்கும் போய் வந்தது. எனக்கு உடம்பு கூசவில்லை. முதன்முறையாக அது வேறெங்கும் இருக்க முடியாத இடத்தில் இருப்பதாகத் தோன்றியது. மூன்றாம் வரிசையிலிருந்து அன்ரி, "பஹ் பஹ்" என்றார். அவர்களுடைய சபைகளில் மனம் நிறைந்தால் அப்படிச் சொல்வார்களாம். தனியொரு குரலாக அது எழும்பியது. அதற்குப் பிறகுதான் அம்மா அந்தக் கம்பியை விட்டு இறங்கினார்.

கைதட்டல் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொடங்கி, சிறுபிள்ளைகள் சேர்ந்ததும் கொஞ்சம் பலத்தது. சிலர் தட்டவில்லை. அன்ரி எழுந்து நின்று தட்டினார். அப்பா இருந்தபடியே, தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டு தட்டினார். சித்தப்பா ஒலிவாங்கிக்குத் திரும்பி, "சந்தூர்" என்றார். கொஞ்சம் யோசித்து, "அதாவது, எமது வீணைக்கு ஒன்றுவிட்ட சகோதரி" என்று சேர்த்துக்கொண்டார்.

மாமி சொன்னதைச் செய்தார். என் வயலின் வகுப்பு அன்றோடு நின்றது. என் அடுத்த பிறந்தநாளுக்கு மாமி வீட்டிலிருந்து யாரும் வரவில்லை, அதற்கடுத்ததற்கும் இல்லை. அப்பா அதைப் பற்றிப் பேசமாட்டார். சில ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்ப வைப்பார். நெஞ்சில் சத்திரசிகிச்சை முடிந்து அவர் வீட்டில் படுத்திருந்தபோதுதான் மாமி மீண்டும் எங்கள் வீட்டுக்குள் கால் வைத்தார். அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து கதைத்துவிட்டு வெளியே வந்தவர், வாசலில் சப்பாத்தைக் கொளுவிக்கொண்டு, சாப்பாட்டு மேசையைத் திரும்பிப் பார்த்தார். அம்மா அங்கே சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்.

"ரி இன்னும் பிழையாத்தான் இருக்கு" என்றார் மாமி.

"ஓம் மதினி" என்றார் அம்மா. "இனியும் அப்பிடித்தான் இருக்கும்."

மாமி வாசலில் நின்றபடி கொஞ்ச நேரம் அதைக் கேட்டார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு போனார். அதற்குப் பிறகு வந்துபோகத் தொடங்கினார்.

விழா முடிந்து அன்று பின்னேரம் நாங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது இதில் எதுவும் எங்களுக்குத் தெரியாது. நெடுஞ்சாலையில் கார்கள் ஊர்ந்தன. அப்பா ஓட்டினார். நான் பின்சீட்டில் பட்டுப்பாவாடையோடு இருந்தேன். பக்கத்தில் சந்தூரை இருக்கைப் பட்டி போட்டு இருத்தியிருந்தோம். கோபம் கொஞ்சம் கொஞ்சமாக ஆறி, அதன் இடத்தில் கவலை வரத் தொடங்கியிருந்தது. எல்லோரும் ஏறிய மேடையில் நான் மட்டும் ஏறவில்லை. அடுத்த சனிக்கிழமை என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

"அம்மா, ஒரு சொல்லுத்தானே. வீணை எண்டு சொல்ல விட்டிருக்கலாம். நீங்களும் வாசிச்சிருப்பீங்கள், நானும் வாசிச்சிருப்பன்."

அம்மா முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். கோபிக்கவில்லை. எனக்கு மட்டுமல்ல என்பதுபோலச் சொன்னார்.

"ஒரு சொல்லுத்தான் மாத்தச் சொல்லுவாங்க, மகள். பிறகு இன்னொரு சொல்லு. நான் எத்தினையை மாத்திட்டன் எண்டு எனக்கே இப்ப தெரியா."

அப்பா இடக்கையால் ஓட்டிக்கொண்டு வலக்கையை அம்மாவின் பக்கம் நீட்டினார். அம்மா அதைப் பிடிக்கவும் இல்லை, விலக்கவும் இல்லை.

சந்தூரைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். அதில் எந்தெந்தக் கம்பியின் பெயரை, எந்தெந்தத் துண்டின் பெயரை அம்மா மாற்றியிருப்பார் என்று பின்சீட்டில் இருந்தபடி ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன். மஞ்சளை மஞ்சள் என்றுதான் சொன்னார். ஷூரை ஷூர் என்றுதான் சொன்னார். வீடு வந்து சேரும்வரை யோசித்தும் எனக்கு ஒன்றுகூடப் பிடிபடவில்லை.